முருகன் படம் கம்ப்யூட்டரை மெதுவாக்கியதா? கவுண்டர் மெஷின் கதையும் கொஞ்சம் வரலாறும்

 

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு வாரமா ஒரே பேச்சு. அர்ச்சனைச் சீட்டு கவுண்டர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வேலோட முருகன் படம் வருமே, அந்தப் படத்தாலதான் மெஷின் மெதுவாகி, கடைசியில செத்தே போச்சுன்னு சிலர் எழுதியிருந்தாங்க. சாமி படத்தைக் குறை சொல்லாதீங்கன்னு வேற சிலர் கோபப்பட்டாங்க. அந்தப் படத்தைப் போடச் சொன்னவன் நான்தான். அதனால பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். பதிவு நீளம். பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க.

நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன், ஈப்போவுல ஒரு பேக்டரியில சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் படிப்பு படிக்கலை. ஆனா இந்தப் பிரச்சினைக்கு அப்புறம் ஷிப்ட் முடிஞ்சு வந்து ராத்திரியில படிச்சதுல ஒரு விஷயம் தெரிஞ்சது. "தொடக்கப் படத்தால மெஷின் மெதுவாகுதா?" என்ற சண்டை நம்ம கோயில்ல மட்டும் நடந்தது இல்லை. கம்ப்யூட்டர் உலகத்துல முப்பது வருஷமா நடக்குது. அதுல ரெண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கு.

தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குப் பெரட்டு ஞாபகம் இருக்கும். விடியறதுக்கு முன்னாலேயே களத்துல நிற்கணும். கிராணி செக்ரோல் புத்தகத்தை வச்சிக்கிட்டுப் பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நெரைன்னு தண்டல் சொல்வார். அது முடியாம யாரும் பால்மரத்துக்குப் போக முடியாது. கம்ப்யூட்டர் கண் விழிக்கிறதும் ஒரு பெரட்டுதான். மெமரி இருக்கா, டிஸ்க் இருக்கா, கீபோர்டு இருக்கா, பிரிண்டர் இருக்கான்னு ஒவ்வொன்னா பேர் கூப்பிடும். எல்லாரும் வந்தாச்சுன்னா வேலை ஆரம்பம். நாம திரையில பார்க்கிற படம் அந்த நேரத்துல களத்து ஓரத்துல எரியற விளக்கு மாதிரி. பெரட்டு எடுக்கிறது விளக்கு இல்லை. ஆனா விளக்கேத்துற ஆளையும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவங்கள்ல இருந்து பிடிச்சு அனுப்பினா நேரம் ஆகத்தான் செய்யும். இதை மனசுல வச்சுக்குங்க.

1981 ஆகஸ்டுல ஐ.பி.எம். நிறுவனம் பி.சி.யைக் கொண்டு வந்தபோது படமே கிடையாது. கறுப்புத் திரை. மெஷின் தன் மெமரியைத் தானே சோதிக்கும், எல்லாம் சரின்னா ஒரே ஒரு "பீப்". ஏறத்தாழ ரெண்டரை வருஷம் கழிச்சு, 1984 ஜனவரியில ஆப்பிளோட மேக்கின்டாஷ் வந்தது. அதைத் திறந்தா ஒரு குட்டி கம்ப்யூட்டர் சிரிச்ச முகத்தோட தெரியும். வரைஞ்சவங்க சூசன் கேர் என்ற அம்மா. அந்தச் சிரிப்பு சும்மா அலங்காரம் இல்லை. சோதனையில பாஸ் ஆனாத்தான் சிரிக்கும். ஏதாவது கெட்டுப் போயிருந்தா சோக முகம் வரும், கீழே பிழை நம்பரும் வரும். படம் அழகா இருந்தது, அதே சமயம் உண்மையும் சொன்னது. இந்த ரெண்டாவது குணம் பின்னால வந்த படங்கள்ல தொலைஞ்சு போச்சுன்னு எனக்குத் தோணுது.

1995 ஆகஸ்ட் 24-ல விண்டோஸ் 95 வந்தது. நீல வானம், வெள்ளை மேகம், கீழே ஓடுற பட்டை. நம்மள்ல நிறைய பேருக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர் படம். 2000 வாக்குல இ.பி.எஃப். பணத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கலாம்னு திட்டம் வந்ததே, அப்போ நானும் வாங்கினேன், விண்டோஸ் 98 போட்டது. அந்த மேகப் படம் ஒரு சாதாரண பட கோப்பு, 320-க்கு 400 புள்ளி, 256 நிறம். அதை எடுத்துட்டு நம்ம படத்தை வைக்கலாம். எனக்கும் கடைக்காரப் பையன் ஒருத்தன் பிள்ளையார் படம் போட்டுக் கொடுத்தான். அப்பவே என் மச்சான் சொன்னார்: "படத்தை எடுத்துடுங்க மாமா, அந்தப் பட்டை ஓடுறதுக்கே மெஷின் சக்தி எல்லாம் போயிடும்."

இல்லீங்க. அந்தப் பட்டை உண்மையில ஓடவே இல்லை. படம் ஒரே ஒரு தடவைதான் வரையப்படும். அப்புறம் நிறங்களோட வரிசையை மட்டும் மாத்திக்கிட்டே இருப்பாங்க. 1-ஆம் நம்பர் நிறம் 2-ஆம் நம்பருக்குப் போகும், 2 மூணுக்குப் போகும். கல்யாண வீட்டு சீரியல் லைட்டு ஓடுற மாதிரி தெரியுமே, பல்பு நகருதா என்ன? அதே வித்தைதான். மெஷினுக்குச் செலவுன்னு சொல்ற அளவுக்கு எதுவுமே இல்லை. எஸ்கேப் பட்டனைத் தட்டினா படம் விலகிப் பின்னால ஓடுற எழுத்துகள் தெரியும். அந்த எஸ்கேப் பட்டன் விஷயத்துக்குக் கடைசியில வர்றேன். அதுலதான் நான் கோட்டை விட்டேன்.

2001 அக்டோபர்ல எக்ஸ்பி. அதுக்கு மைக்ரோசாஃப்ட் வச்ச குறி, திறந்து 30 விநாடியில வேலைக்கு ரெடியாகணும் என்பது. படத்தை எடுத்து அதைச் சாதிக்கலை. போன தடவை எந்தெந்த கோப்பு தேவைப்பட்டதுன்னு குறிச்சு வச்சு, அடுத்த தடவை முன்கூட்டியே மொத்தமா எடுத்து வைக்கிற முறையைக் கொண்டு வந்தாங்க. படத்தை நிறுத்துறதுக்கும் ஒரு வழி இருந்தது. அந்தப் பெட்டியில டிக் போட்டா ராக்கெட் மாதிரி பறக்கும்னு பேக்டரியில எங்க டெக்னீஷியனே சொல்வார். போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையைப் பார்த்துக்கிட்டு அதே நேரம் காத்திருந்தேன். காத்திருந்தது இன்னும் நீளமாத் தோணுச்சு, அவ்வளவுதான்.

அப்போ படத்தால நேரமே ஆனது இல்லையா? ஆனது உண்டு. லினக்ஸ்ல ஆனது. கோயில் கவுண்டர்ல இருந்தது லினக்ஸ்தான் (உபுண்டு, காசு கொடுக்க வேண்டாம் என்பதால தம்பிங்க போட்டது). அதனால இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன்.

லினக்ஸ்ல வழக்கமா எழுத்துதான் ஓடும், பச்சையா பெரட்டு மாதிரியே. 2003 நவம்பர்ல ஃபெடோரா கோர் 1 என்ற பதிப்பு வந்தபோது ரெட் ஹேட் காரங்க இதுக்கு ஓர் அழகான முகம் கொடுக்க நினைச்சாங்க. ஆனா படம் வரைய அவங்க கையில இருந்தது "எக்ஸ்" என்ற பெரிய வரைகலை சர்வர். டெஸ்க்டாப் முழுசையும் தாங்குற சாமான் அது. தொடக்கப் படம் காட்டுறதுக்காக அதை முதல்ல ஒரு தடவை எழுப்பினாங்க. அப்புறம் பெயர், பாஸ்வேர்டு கேட்கிற திரைக்காகத் திரும்ப ஒரு தடவை எழுப்பினாங்க. அகல் விளக்கு ஏத்துறதுக்கு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ற கதை, அதுவும் ரெண்டு தடவை. இங்க படம் மெதுவாக்கினது நிஜம். படத்தை வரையக் கூட்டிட்டு வந்த ஆள் ரொம்பப் பெரிய ஆள், அதுதான் காரணம்.

2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல போர்ட்லாண்டு நகரத்துல லினக்ஸ் காரங்க மாநாடு. இன்டெல் நிறுவனத்துல வேலை பார்த்த ஆர்யன் வான் டி வென், ஆக்கே கோக் ரெண்டு பேரும் ஒரு சின்ன ஈ.பி.சி. லேப்டாப்பைக் கொண்டு வந்தாங்க. சாதாரண ஃபெடோராவுக்கு 45 விநாடி எடுத்த அந்த மெஷின், அவங்க கைபட்டதும் 5 விநாடியில எழுந்தது. எனக்குப் பிடிச்சது அவங்க கணக்குப் போட்ட விதம். "எதை வெட்டினா எவ்வளவு மிச்சம்"னு அவங்க கேட்கலை. 5 விநாடிதான் மொத்தம், இந்த வேலைக்கு ஒரு விநாடி, அந்த வேலைக்கு ஒரு விநாடின்னு பட்ஜெட் போட்டுப் பங்கு பிரிச்சாங்க. அதுல தொடக்கப் படத்துக்குப் பங்கே கொடுக்கலை. அஞ்சு விநாடியில வீடு வந்து சேர்றவனுக்கு வழியில டீக்கடை எதுக்கு?

அந்த வருஷம் நவம்பர்லயே ஃபெடோரா 10 வந்தது, பிளைமவுத் என்ற புது ஏற்பாட்டோட. இது எக்ஸ் சர்வரை எழுப்பாது. லினக்ஸோட மையமே திரையைச் சரியான அளவுக்குத் தயார் பண்ணிடும், அதுமேல இது நேரா படத்தை வரையும். 2010 ஏப்ரல்ல உபுண்டு 10.04-ம் இதுக்கே மாறிச்சு. நம்ம முருகன் படத்தைத் திரையில காட்டினதும் இதுதான். செலவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். படமும் திரைக்கான டிரைவரும் சேர்ந்தா, ஆரம்பத்துல டிஸ்க்ல இருந்து படிக்க வேண்டிய மூட்டை கொஞ்சம் பெரிசாகும். ஆனா எக்ஸை ரெண்டு தடவை எழுப்பினதோட இதை ஒப்பிடவே முடியாது. அதுல ஓடுற முன்னேற்றக் கோடு இருக்கே, அது வேலை எவ்வளவு முடிஞ்சதுன்னு அளந்து சொல்றது இல்லை. போன தடவை எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, அதை வச்சு இன்னிக்கு ஓடுது. நேத்து நடந்ததை வச்சு இன்னிக்குச் சொல்ற குறி.

எழுத்தே போதும், படம் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு, எழுத்து ஓடுறதுக்கும் நேரம் உண்டு. ஒவ்வொரு வரியும் திரையில எழுதி முடியற வரைக்கும் மெஷின் பல சமயம் நிற்கும். பழைய சீரியல் கேபிள் வழியா 9600 வேகத்துல அனுப்பினா விநாடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துதான் போகும். ஆயிரம் வரி செய்தி ஓடினா நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். உபுண்டுவுல "சத்தம் போடாதே" என்ற கட்டளையும் "படம் காட்டு" என்ற கட்டளையும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இருக்கும். ரெண்டையும் சேர்த்துத் தூக்கிட்டு "படத்தை எடுத்தேன், வித்தியாசம் தெரியுது"ன்னு சொல்றவங்க எதை அளந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

ரெண்டாவது நம்ம தமிழ். அந்த ஆரம்ப எழுத்துத் திரை சதுரம் சதுரமா கட்டம் போட்டது, கட்டத்துக்கு ஓர் எழுத்து. மொத்தம் 256 வடிவம், மிஞ்சினா 512. ஆங்கிலத்துக்குத் தாராளம். "கோ"ன்னு எழுதணும்னா கொம்பு முன்னால போகணும், கால் பின்னால வரணும், நடுவுல "க". அந்தக் கட்டத்துக்கு இது புரியாது. முத்து நெடுமாறன் மாதிரி நம்ம மலேசியத் தமிழர் 1980-கள்லேயே முரசு மென்பொருள் செஞ்சு திரையில தமிழைக் கொண்டு வந்தாரு, ஆனா அது மெஷின் எழுந்த பிறகு. எழும்போதே தமிழ்ல "வணக்கம், பொறுத்திருங்கள்"னு காட்டணும்னா படமாத்தான் காட்ட முடியும். நம்ம கவுண்டர்ல உட்கார்ற பெரியம்மாக்களுக்கு ஆங்கில எழுத்து கடகடன்னு ஓடினா மெஷின் கெட்டுப் போச்சுன்னு பயம். முருகன் படமும் ரெண்டு வரி தமிழும் அவங்களுக்காகத்தான் போடச் சொன்னேன்.

இன்னொரு கதையும் சொல்லணும், இது உண்மையில நடந்தது. 2009-ல விண்டோஸ் 7 வந்ததும், வேகம் வேணும்னு சிலர் டெஸ்க்டாப் படத்தை எடுத்துட்டு வெறும் ஒற்றை நிறம் வச்சாங்க. மெஷின் வேகமாகலை, உள்ளே நுழையறப்போ 30 விநாடி சும்மா நின்னுச்சு! ஒவ்வொரு பகுதியும் "நான் ரெடி"ன்னு சொன்னாத்தான் வரவேற்புத் திரை விலகும். படம் இருந்தா அந்தப் படம் "ரெடி" சொல்லும். படமே இல்லைன்னா சொல்றதுக்கு ஆள் இல்லை. வராத ஆளுக்காக 30 விநாடி காத்திருந்துட்டு, அப்புறம் போனாப் போகட்டும்னு திறந்தது. மைக்ரோசாஃப்ட் இதை ஒத்துக்கிட்டுத் திருத்தமும் கொடுத்தாங்க. பேர் வெட்டின ஆளைப் பெரட்டுல இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருந்த கதை.

இனி நம்ம கவுண்டர் மெஷின்.

கார்த்திகை தீபத்தன்னிக்கு அது எழ ரொம்ப நேரம் ஆச்சு, வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு. இளைஞர் அணி தம்பி ஒருத்தர் ஒரு பட்டியல் எடுத்துக் காட்டினாரு. தொடங்குறப்போ எந்த வேலை எவ்வளவு நேரம் எடுத்ததுன்னு லினக்ஸே கொடுக்கிற பட்டியல் அது. அதுல முதல் இடத்துல பிளைமவுத் பேர். "பார்த்தீங்களா அண்ணே, படம்தான்." எனக்கும் முதல்ல பகீர்னு ஆச்சு. படிச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சது. அந்த வரி, படத்தை இறக்கிறதுக்காகக் காத்திருக்கிற வேலை. மத்த எல்லா வேலையும் முடிஞ்ச பிறகுதான் படத்தை இறக்க முடியும். திருவிழா ராத்திரி கடைசியாப் போய் கேட்டைப் பூட்டுறவரோட நேர அட்டையைப் பார்த்து, "இவராலதான் திருவிழா லேட்"ன்னு சொன்னா எப்படி? அந்தத் தம்பி மேல தப்பில்லை. உலகம் முழுக்க நிறைய பேர் அந்த வரியைப் பார்த்து இப்படியேதான் ஏமாந்திருக்காங்க.

சரி, நிரூபிச்சுடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்டாப்வாட்சோட உட்கார்ந்தேன். பேக்டரியில டைம் ஸ்டடி எடுத்துப் பழக்கம். படத்தோட 10 தடவை, படம் இல்லாம 10 தடவை, மாத்தி மாத்தி. சராசரி ஏறத்தாழ ஒண்ணுதான். வெற்றி! குழுவுல பெருமையா எழுதினேன், நிறைய பேர் கைகூப்பிப் போட்டீங்க.

என் தப்பு அங்கதான். சராசரியைப் பார்த்தேன், சிதறலைப் பார்க்கலை. அதே மெஷின், அதே வேலை, ஒரு தடவை ஒண்ணரை நிமிஷம், இன்னொரு தடவை ரெண்டே கால் நிமிஷம். என் லைன்ல ஒரு மெஷின் இப்படி ஒரு சுத்துக்கும் இன்னொரு சுத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் காட்டினா, அடுத்த நிமிஷமே நிறுத்தி பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இருபது வருஷமா ஆளுங்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்திருக்கேன். கோயில் மெஷின்ல என் கண்ணு மூடிக்கிச்சு. வாதத்துல ஜெயிக்கணும்னுதான் உட்கார்ந்தேன், மெஷினுக்கு என்னன்னு பார்க்க உட்காரலை.

எஸ்கேப் பட்டனை ஒரே ஒரு தடவை தட்டியிருந்தா போதும். படம் விலகிப் பின்னால ஓடுற எழுத்து தெரிஞ்சிருக்கும். டிஸ்க் படிக்க முடியலை, திரும்ப முயற்சிக்கிறேன், படிக்க முடியலை, திரும்ப முயற்சிக்கிறேன்னு அது மாசக்கணக்கா கத்திக்கிட்டு இருந்திருக்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் சில விநாடி. மெதுவானதுக்குக் காரணம் அதுதான். படம் மெஷினை மெதுவாக்கலை, ஆனா அதோட முனகலை மறைச்சிடுச்சு. சோக முகம் காட்டத் தெரியாத படம். இதே மாதிரி முன்னாலயும் நடந்திருக்கு. பழைய லினக்ஸ், முப்பது தடவை வாக்குல திறந்தா ஒரு தடவை டிஸ்க் முழுசையும் சோதிக்கும். படத்துக்குப் பின்னால அது நடக்கிறது தெரியாம, மெஷின் உறைஞ்சு போச்சுன்னு கரண்டைப் பிடுங்கி, நல்ல டிஸ்க்கையும் கெடுத்துக்கிட்டவங்க உண்டு.

தைப்பூசத்துக்கு எட்டு நாள் முன்னால டிஸ்க் நின்னு போச்சு. பென்டிரைவ்ல நகல் எடுக்கிறது என் பொறுப்பு. வருஷக் கடைசியில பேக்டரியில ஓவர்டைம், நான் எடுக்கலை. மார்கழி 20-லிருந்து தை 5 வரைக்கும் உள்ள பதிவு எதுவும் இல்லை. பூசத்தன்னிக்குக் கையால சீட்டு எழுதினோம், வெயில்ல நின்னீங்க, பொறுத்துக்கிட்டீங்க. அதுகூடப் பரவாயில்லை. பீடோர்ல இருந்து ஓர் அம்மா, கணவர் திதிக்கு அபிஷேகம் எழுதி வச்சிருந்தாங்க. அந்த நாள்ல பேத்தியோட வந்து நின்னாங்க. எங்க பட்டியல்ல பேர் இல்லை. கையில வச்சிருந்த சீட்டோ வெப்பத்தால அச்சடிக்கிற தாள், அதுலயும் எழுத்து மங்கிப் போச்சு. குருக்கள் ஐயா ஒரு வார்த்தை கேட்காம அபிஷேகத்தைச் செஞ்சு வச்சாரு. அந்த அம்மா என்னை ஒண்ணும் சொல்லலை. போறப்போ "தம்பி, பேர் எழுதிட்டுத்தானே போனேன்?"னு மட்டும் கேட்டாங்க.

இப்போ புது எஸ்.எஸ்.டி. போட்டாச்சு, ஓர் அன்பர் வாங்கிக் கொடுத்தாரு. முருகன் படம் அப்படியே இருக்கு, ஆனா ரொம்ப நேரம் பார்க்கக் கிடைக்காது, சட்டுன்னு வந்து போயிடும். திங்கட்கிழமை காலையில கவுண்டரைத் திறக்கிறவர் எஸ்கேப் தட்டி எழுத்தைப் பார்த்து, "எரர்"னு ஏதாவது வந்தா போன்ல படம் பிடிச்சு எனக்கு அனுப்பணும். கீபோர்டு பக்கத்துல தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கேன். நகல் எடுக்கிற பொறுப்பை இனிமே ரெண்டு பேர் கிட்ட கொடுக்கணும்னு தலைவர் கிட்ட நானே கேட்டுக்கிட்டேன்.

மார்கழி 20-லிருந்து தை 5-க்குள்ள அபிஷேகம், அன்னதானம், திருப்பணி நிதி எதுக்குப் பணம் கட்டியிருந்தாலும், சீட்டு மங்கியிருந்தாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. சீட்டு தொலைஞ்சிருந்தா பேரும் தேதியும் சொன்னா போதும். நான் நோட்டுப் புத்தகத்தோட அங்க இருப்பேன். தோட்டத்துப் பக்கம் வாட்ஸ்அப் இல்லாத பெரியவங்களுக்கும் தயவுசெஞ்சு சொல்லிடுங்க.